தழும்பில்லாத காயத்துக்கு எங்கே சாட்சி?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



செயலாளர் எனக்குக் கடிதம் எழுதியபோது "அமெரிக்க அனுபவங்கள்" என்று பொதுவாகப் பேசும்படி கேட்டிருந்தார். அப்படி ஆரம்பித்தால் பனியும் சூப்பர் மார்க்கெட்டும்தான் வரும். அதையெல்லாம் நீங்கள் வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள். நான் அங்கே இருபத்திரண்டு வருஷம் முன்னாள் படைவீரர்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தேன். டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. போரிலிருந்து மனம் நொறுங்கித் திரும்பி வந்தவர்கள், ஊன ஈட்டுத்தொகை கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போடுவார்கள். அந்த மனுவுக்கு என்னென்ன வேண்டும், யாரிடம் போய் எதை வாங்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. இன்று அதை மட்டும் பேச உத்தேசம். அரைமணி நேரத்துக்கு மேல் போனால் தலைவர் மணி அடிக்கலாம்.

நோய் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் நாலெழுத்து, பி.டி.எஸ்.டி. தமிழில் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் என்று வைத்துக்கொள்ளலாம். சாவை நேருக்கு நேர் கண்டவர், அல்லது பிறர் சாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அந்த இடத்தை விட்டு வெளியே வர முடியாமல் இருக்கிறார். ராத்திரி அதே கனவு. பகலில் டீசல் வாசனை அடித்தால் போதும், நெஞ்சு படபடக்கிறது. ஹோட்டலுக்குப் போனால் சுவரோரமாக, வாசலைப் பார்த்த மாதிரி நாற்காலி கிடைத்தால்தான் உட்காருவார். சொந்தப் பிள்ளை பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டால் கை ஓங்கிவிடுகிறது. அப்புறம் அதற்காகக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார். ஜூலை 4-ஆம் தேதி அவர்களுடைய சுதந்திர தினம். ஊரெல்லாம் வாணவேடிக்கை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பலர் அன்று மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடுவார்கள்.

இந்த நோயின் குணங்களில் ஒன்றை மட்டும் நீங்கள் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்ததை நினைவூட்டும் எதிலிருந்தும் விலகி ஓடுவது. அதைப் பற்றிப் பேச வாய் வராது. பேச நேர்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் ஈட்டுத்தொகை வேண்டுமென்றால் பேசியாக வேண்டும். எந்த நாள், எந்த ஊர், யார் செத்தார், நீ எங்கே நின்றாய் என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோய் வாயைக் கட்டுகிறது, சட்டம் வாயைத் திற என்கிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

இந்த நோய் புதுசு இல்லை. முதல் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்து பேச்சிழந்தும் கைகால் நடுங்கியும் வந்தவர்களை "ஷெல் ஷாக்" என்றார்கள். இரண்டாம் போரில் "போர்க் களைப்பு" என்றார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்களுக்குப் பெயரும் அடையாளமும் வரிசைப்படுத்தி ஒரு கையேடு போடுகிறது. 1952-இல் வந்த முதல் பதிப்பில், கடும் நெருக்கடியால் உண்டாகும் பாதிப்பு என்று ஓர் இனம் இருந்தது. 1968-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். 1968 என்றால் என்ன வருஷம் என்று சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். அந்தப் போரில் அந்த மண்ணில் பணியாற்றிய அமெரிக்கர்கள் சுமார் 27 லட்சம் பேர், மாண்டவர்கள் 58,000-க்கு மேல். மீதிப்பேர் திரும்பி வந்த சமயத்தில் அவர்களுடைய வியாதிக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை. பெயர் இல்லாத வியாதிக்குப் பணம் கொடுக்க எந்த அரசாங்கத்திலும் பாரம் கிடையாது, பாருங்கள்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சேர்ந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். சாரா ஹேலி என்று பெயர். 1969 செப்டம்பரில் பாஸ்டன் நகரத்துப் படைவீரர் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்தார், வேலைக்குப் புதுசு. வியட்நாமிலிருந்து வந்த ஒருவர் அவரிடம் தன் கதையைச் சொன்னார். மை லாய் என்ற கிராமத்தில் தன் படைப்பிரிவினர் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார்கள், தான் சுடவில்லை, வெளியே சொன்னால் உன்னையும் கொல்வோம் என்று கூட்டாளிகளே மிரட்டினார்கள் என்று. பயத்தில் தூக்கமில்லை. ஹேலி குறித்துக்கொண்டு மருத்துவர்கள் கூட்டத்துக்குப் போனால், அங்கே முடிவு ஏற்கெனவே ஆகியிருந்தது. மனப்பிரமை, தீவிர மனச்சிதைவு நோய் என்று. "அவர் சொல்வது நிஜமாக இருக்கலாமே" என்ற ஹேலியைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டே மாதம். 1969 நவம்பரில் மை லாய் படுகொலை பத்திரிகைகளில் வந்தது. 1968 மார்ச் 16-இல் நடந்தது நடந்ததுதான்.

ஹேலிக்கு மட்டும் ஏன் அதை நம்ப முடிந்தது? அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரில் உளவுப் பிரிவில் இருந்தவர். போரில் மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பெண். படிப்பு மாத்திரம் போதாது என்பதற்கு நான் இதைச் சொல்வதுண்டு. முதல்வர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1974-இல் ஹேலி ஒரு கட்டுரை எழுதினார். நோயாளி கொடுமைகளைச் சொல்லும்போது கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ராபர்ட் லிஃப்டன், சைம் ஷாட்டான் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், ஹேலி, வியட்நாம் போய்வந்த வீரர்கள் எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்காக மன்றாடிய பிறகு, 1980-இல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது. அந்தப் பெயர் மருத்துவத்துக்கு எவ்வளவு உதவியதோ தெரியாது, மனுப் போடுகிறவனுக்கு அது கதவு.

கதவு திறந்ததும் உள்ளே என்ன கேட்டார்கள் என்று பார்ப்போம். விதி மூன்று விஷயம் கேட்கிறது. இந்த நோய் இருக்கிறது என்று தகுந்த மருத்துவர் சொல்ல வேண்டும். பணியில் இருந்தபோது இன்ன சம்பவம் நடந்தது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் வேண்டும். அந்தச் சம்பவத்தால்தான் இந்த நோய் என்று மருத்துவச் சான்று வேண்டும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. முதலாவதும் மூன்றாவதும் டாக்டர் பாடு. நடுவில் இருப்பதுதான் ஆளை விழுத்தாட்டும்.

போர்முனையில் சண்டை போட்டவர் என்பதற்குப் பதக்கம் இருந்தால் கவலை இல்லை. காயம்பட்டவருக்குக் கொடுக்கும் "பர்ப்பிள் ஹார்ட்" பதக்கமோ, காலாட்படையின் போர்ச் சின்னமோ இருந்தால், சம்பவத்தைப் பற்றி அவர் வாய்ச்சொல்லையே ஏற்றுக்கொள்வார்கள், அது அவருடைய பணிச் சூழலுக்குப் பொருந்தி வந்தால். ஆனால் போர் என்றால் துப்பாக்கி பிடித்தவர் மட்டும்தானா? லாரி ஓட்டியவர் உண்டு. சமையல்காரர் உண்டு. நர்ஸ் உண்டு. செத்தவர்களின் உடம்பை ஒழுங்குபடுத்தி, பையில் போட்டு, பெயர்ச் சீட்டுக் கட்டி அனுப்பியவர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். பெயர் வேண்டாம். வியட்நாமில் அந்த வேலை பார்த்தவர். எதிரியை நோக்கி ஒரு குண்டு சுட்டதில்லை. நாற்பது வருஷம் கழித்தும் அவர் வீட்டில் கறி சமைக்கக் கூடாது. மனைவி அவருக்காகவே சைவமாக மாறியிருந்தார். பதக்கம் கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?

இப்படிப்பட்டவர்கள் சம்பவத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. படையின் பழைய ஆவணங்களில் தேடச் சொன்னால், எந்த இடம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று கேட்பார்கள். தேதியை இரண்டு மாத வரம்புக்குள்ளாவது சொல்ல வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய தேதி! அதுவும் அதை மறக்கவே பாதி ஆயுளைச் செலவிட்ட மனிதனிடம்! "மழை பெய்துகொண்டிருந்தது மேடம், அது மட்டும் தெரியும்" என்பார்கள். அங்கே எப்போது மழை பெய்யவில்லை?

ஆவணம் இருந்த இடத்திலும் கஷ்டம். 1973 ஜூலை 12-ஆம் தேதி மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் இருந்த தேசியப் படையினர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 160 முதல் 180 லட்சம் கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு சாம்பல். இரண்டாம் உலகப் போருக்கும் கொரியப் போருக்கும் போனவர்கள் பின்னாளில் மனுப் போட்டபோது, "உங்கள் கோப்பு எரிந்துவிட்டது" என்ற பதில் வந்தது இதனால்தான். அப்படி எரிந்துபோனால் அரசாங்கத்துக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் பிற்பாடு சொன்னது. அதைச் சொல்ல நீதிமன்றம் என்று ஒன்று முதலில் வேண்டுமே, அது எப்போது வந்தது என்பதையும் கேளுங்கள்.

சட்டம் படிக்கப் போகும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அவர்களுடைய உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1862-இல், படைவீரர் பென்ஷன் மனுவுக்கு வக்கீல் வாங்கக்கூடிய கூலி ஐந்து டாலர் என்று வரம்பு கட்டினார்கள். 1864-இல் அதைப் பத்து டாலராக்கினார்கள். வீரனை வக்கீல் சுரண்டக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். அந்தப் பத்து டாலர் அப்படியே நின்றுவிட்டது. விமானம் வந்தது, அணுகுண்டு வந்தது, நிலாவுக்கு ஆள் போய் வந்தாயிற்று, அப்போதும் பத்து டாலர். பத்து டாலருக்கு எந்த வக்கீல் கோப்பைத் திறப்பார்? 1985-இல் உச்ச நீதிமன்றம்கூட அந்த வரம்பு செல்லும் என்றுதான் தீர்ப்பளித்தது. அதோடு, மனு நிராகரிக்கப்பட்டால் அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகவும் பொதுவில் வழி இல்லாமலிருந்தது. 1988-இல்தான் சட்டத்தை மாற்றி, முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டுக்கென்று தனி நீதிமன்றம் அமைத்து, வக்கீல் கூலி வரம்பையும் தளர்த்தினார்கள். வியட்நாம் போர் 1975-இல் முடிந்தது. பதின்மூன்று வருஷம் கழித்து.

அந்த நீதிமன்றம் 1990-இல் ஒரு வழக்கில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. ஆதாரம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால், சந்தேகத்தின் பலன் படைவீரனுக்கு. தராசு சரிசமமாக நின்றாலே அவன் ஜெயித்தான். சாதாரண சிவில் வழக்கில் வாதியின் தட்டு கொஞ்சமாவது தாழ வேண்டும். இங்கே அது வேண்டியதில்லை. சட்டத்தில் முன்பே இருந்த கொள்கைதான். ஆனாலும் நிராகரிப்புக் கடிதத்தோடு வரும் ஒருவருக்கு இதை நான் விளக்கிச் சொல்லும்போது, "அப்படியா? நான்தான் எல்லாத்தையும் நிரூபிக்கணும்னு நினைச்சேன்" என்பார்.

2010 ஜூலையில் இன்னொரு தளர்வு வந்தது. எதிரியின் தாக்குதலையோ பயங்கரவாதத் தாக்குதலையோ எதிர்பார்த்து வாழ்ந்த அச்சமே நோய்க்குக் காரணம் என்று அரசாங்கத்தின் மனநல மருத்துவரோ, அரசாங்கம் அமர்த்திய மருத்துவரோ சொன்னால், அது அவர் பணியாற்றிய இடத்துக்கும் சூழலுக்கும் பொருந்தினால், தனி ஆதாரம் தேவையில்லை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முன்னணி, பின்னணி என்ற கோடே கிடையாது. சாமான் ஏற்றிப் போகும் லாரிதான் முதலில் வெடித்தது. அதை விதி ஒப்புக்கொள்ள, அந்தப் போர்கள் தொடங்கி ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றி மெல்லிய குரலில்தான் பேசுவார்கள். எதிரியால் அல்ல, கூடப் பணியாற்றியவர்களாலேயே பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். பெண்கள் மட்டுமில்லை, ஆண்களும் உண்டு. அங்கே ஆவணம் எங்கிருந்து வரும்? மேலதிகாரியிடம் புகார் கொடுத்தால் மேலதிகாரியே ஆளாக இருக்கலாம். இவர்களுக்காக விதியில் வேறு வகை ஆதாரங்களை ஏற்றுக்கொள்கிறார்கள். 2002-இல் அது விரிவாக எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் திடீரென்று இடமாற்றம் கேட்டாரா, நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் தடாலென்று சரிந்தாரா, குடிக்க ஆரம்பித்தாரா, கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டாரா, வீட்டுக்குக் கடிதம் எழுதினாரா, பாதிரியாரிடமோ அறைத் தோழியிடமோ சொன்னாரா என்று பார்க்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் அம்மா எடுத்து வைத்திருந்த ஒரு கடிதம். "எனக்கு இங்கே பிடிக்கவில்லை, காரணம் கேட்காதே" என்ற மாதிரி இரண்டு வரி. அதுவே சாட்சியாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நோயும் சம்பவமும் ஒப்புக்கொள்ளப்பட்டாயிற்று. அடுத்து எத்தனை சதவீதம் என்ற கேள்வி. மன நோய்களுக்கு 0, 10, 30, 50, 70, 100 என்று படிகள். வேலையும் உறவும் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். 2025 கணக்குப்படி, தனி ஆளுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் சுமார் 175 டாலர், 100 சதவீதம் என்றால் 3,800 டாலருக்குச் சற்று மேல். வித்தியாசத்தைப் பாருங்கள். அது ஏறக்குறைய முழுக்க ஒரே ஒரு நாள் பரிசோதனையைப் பொறுத்தது. மருத்துவர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

அந்தப் பரிசோதனைக்குப் படைவீரர்கள் எப்படிப் போவார்கள் தெரியுமா? பளிச்சென்று சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு. பத்து நிமிஷம் முன்னதாக. அதிகாரி முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பதினெட்டு வயசில் பழக்கியிருக்கிறார்கள். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "நல்லா இருக்கேன் சார்" என்பார்கள். "தூக்கம்?" "பரவாயில்லை சார்." என்னைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள் என்ற எண்ணம் வேறு. மருத்துவர் கண்டதை எழுதுகிறார்: நேர்த்தியான உடை, தெளிவான பேச்சு, தூக்கம் பரவாயில்லை. அவர்மேல் தப்புச் சொல்ல முடியுமா?

அதனால் வீட்டுக்காரம்மாவை எழுதச் சொல்வோம். கண்டவர் எழுதித் தரும் வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மருத்துவ வார்த்தை எதுவும் வேண்டாம், "கண்டதை எழுதுங்கம்மா" என்று சொல்லி அனுப்புவோம். ஓர் அம்மாள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். முதல் ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரே கட்டிலில் படுத்ததில்லை, ஏனென்றால் தூக்கத்தில் அவர் கை தன் கழுத்துக்கு வந்துவிட்டது. ராத்திரி மூன்று தடவை எழுந்து கதவுப் பூட்டுகளைச் சரிபார்ப்பார். மகள் கல்யாணத்தில் மாதா கோயிலுக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தார். பதினான்கு வேலை மாறியிருக்கிறார்; எந்தெந்த வேலை, எந்தெந்த வருஷம் என்று அந்தம்மாள் வரிசையாக எழுதியிருந்தார். கடைசி வரியில், இவர் நல்ல மனிதர், இதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பக்கம் தராசில் இறங்கிய விதத்தை எந்தப் பட்டதாரியின் அறிக்கையும் இறக்கியிருக்காது.

இப்போது உங்களில் சிலர் மனதில் ஓடுவதை நானே கேட்டுவிடுகிறேன். பணம் கிடைக்கும் என்றால் பொய் சொல்ல மாட்டார்களா? அமெரிக்காவிலும் இதைக் கேட்காதவர் இல்லை. 2005-இல் இது பெரிய விவகாரமாயிற்று. படைவீரர் நலத்துறையின் தணிக்கைப் பிரிவு 2,100 கோப்புகளை எடுத்துப் பார்த்து, பலவற்றில் ஆதாரம் சரியாக இல்லை என்றது. உடனே முழு ஈட்டுத்தொகை வாங்கும் 72,000 பேரின் கோப்புகளைத் திரும்பத் திறக்கப் போவதாக அறிவிப்பு. வீரர்கள் மத்தியில் எழுந்த பீதியைச் சொல்லி மாளாது. வருஷங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தவர்களை மறுபடி கூண்டில் ஏற்றுவதென்றால் எப்படி இருக்கும்? ஆனால் அந்த 2,100 கோப்புகளைத் துறையே நிதானமாகப் பார்த்தபோது, கிடைத்தது அலுவலகம் சரியாகக் காகிதம் சேர்க்காத குறைகள்தான், மோசடி இல்லை. அதே வருஷம் நவம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அடுத்த வருஷம், 2006-இல், "சயின்ஸ்" பத்திரிகையில் புரூஸ் டோரன்வெண்ட் குழுவினரின் ஆய்வு வந்தது. 1980-களில் வியட்நாம் வீரர்களிடம் அரசாங்கம் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. வாழ்நாளில் ஒரு சமயமாவது இந்த நோய் கண்டவர்கள் ஆண்களில் 30.9 சதவீதம், அந்த நேரத்தில் இருந்தவர்கள் 15.2 சதவீதம் என்று அது சொன்னது. ஊதிப் பெருக்கிய கணக்கு என்று விமரிசனம். டோரன்வெண்ட் குழு அவரவர் சொன்னதைப் படையின் பழைய ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தது. எண்ணிக்கை குறைந்தது உண்மை: 18.7-ம் 9.1-ம் ஆயிற்று. ஆனால் பொய் சொன்னதற்கு ஆதாரம் கிட்டத்தட்ட இல்லை. போரின் கடுமை கூடக்கூட நோயும் கூடியது ஆவணத்திலும் தெரிந்தது. பொய்யர் ஒருவரும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நிவாரணப் பட்டியலில்தான் இல்லை? ஆனால் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்களில், கூட்டிச் சொன்னவர்களைவிடக் குறைத்துச் சொன்னவர்கள் பல மடங்கு. இதை நான் தைரியமாகச் சொல்வேன்.

சிலர் மனுவே போட மாட்டார்கள். நோயால் குடித்தோ, சண்டை போட்டோ, சொல்லாமல் ஓடிப்போயோ, கெட்ட பெயரோடு படையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் நமக்குக் கிடைக்காது என்று ஒதுங்கிவிடுவார்கள். வியட்நாம் காலத்தில் அப்படிப் போனவர்களுக்கு நோய் இருந்திருக்கலாம் என்பதைத் தாராளமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் 2014-இல்தான் உத்தரவு போட்டார். மனுப் போடக் காலக்கெடு கிடையாது. ஆனால் பணம், பொதுவாக, மனுப் போட்ட நாளிலிருந்துதான். படையை விட்ட ஒரு வருஷத்துக்குள் போட்டால் விலகிய மறுநாளிலிருந்து கிடைக்கும். முப்பது வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் முப்பது வருஷப் பணமும் போனதுதான். போனது பணம் மட்டுமா? வைத்தியமும் போயிற்று.

பேச்சு அமெரிக்காவோடு முடிந்தால் நம் ஊர்க்காரர்களுக்கு நியாயம் செய்ததாகாது. இந்த மன்றத்திலேயே படையில் இருந்தவர்கள், படைவீரரின் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள் என்று வரும்போதே கேட்டுக்கொண்டேன். நம் நாட்டில் டிஸபிலிட்டி பென்ஷனுக்கு, ஊனம் படைப் பணியால் ஏற்பட்டது அல்லது படைப் பணியால் கடுமையானது என்று ஆக வேண்டும். மெடிக்கல் போர்டு தீர்மானிக்கிறது. "பணியால் ஏற்பட்டதும் இல்லை, கடுமையானதும் இல்லை" என்று ஒரே வரியில் எழுதி முடித்தால் அதோடு ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றிருந்த காலம் உண்டு. 2013-இல் தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய், பி.டி.எஸ்.டி. அல்ல. ஆனால் தீர்ப்பின் கருத்து எல்லா நோய்க்கும் பொருந்துகிறது. படையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த கேட்டுக்குப் பணி காரணமில்லை என்பதைப் போர்டு காரணம் காட்டிச் சொல்ல வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. அங்கே 1990-இல் சொன்னதும் இங்கே 2013-இல் சொன்னதும் ஒரே திசையில் நிற்கின்றன.

அந்தத் தீர்ப்பு 1982-ஆம் வருஷ விதிகளின்மேல் எழுந்தது. 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்திருக்கின்றன. ஆகவே ஒருவர் எந்தத் தேதியில் படையை விட்டார் என்பதை முதலில் பாருங்கள். போர்டின் நடவடிக்கைக் காகிதத்தின் பிரதி கேட்டு வாங்குங்கள். காரணம் எழுதியிருக்கிறதா, வெறும் "இல்லை" மட்டும் இருக்கிறதா என்று படியுங்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலேயே ஒரு கிளை இருக்கிறது, டில்லிக்கு ஓட வேண்டியதில்லை. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ராத்திரி கத்திக்கொண்டு எழுந்திருக்கிறவராக இருந்தால், எத்தனை வருஷமாக, எத்தனை மணிக்கு, என்ன சொல்லிக் கத்துகிறார் என்று அம்மாவையோ பாட்டியையோ கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். மாலையில் தேநீருக்குப் பிறகு நூலகத்துப் பக்கம் வேப்பமரத்தடியில் இருப்பேன். பழைய காகிதங்கள் கொண்டுவந்திருக்கும் இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். மற்றவர்களும் வரலாம், ஆறரை மணி வரை நேரம் இருக்கிறது.